அம்மம்மா நசுக்கிய வண்டு

போன கோடையில் எங்கள் வீட்டு பல்கனியில் ஒரு பெரிய சண்டை நடந்தது. என் அம்மா ஆசையாக வளர்த்த கத்தரிச் செடியில் ஒரு சிவப்பு வண்டு ஊர்ந்தது. முதுகில் கறுப்புப் புள்ளிகள். அம்மா யோசிக்கவே இல்லை, விரலால் நசுக்கிவிட்டார். ஐந்து வயது மகள் கத்தி அழுதாள். "அம்மம்மா மரீயன்கேஃபரைக் கொண்டுட்டா!"

ஜேர்மனியில் வளரும் பிள்ளைக்கு அது அதிர்ஷ்டப் பூச்சி. புதுவருடத்துக்கு சாக்லேட்டில்கூடச் செய்து கொடுப்பார்கள். மரீயன்கேஃபர் என்றால் மரியாளின் வண்டு. ஆங்கில 'லேடிபேர்ட்'டில் வரும் லேடியும் இயேசுவின் தாயான அதே மரியாள்தான். ரஷ்யர்களுக்கு அது கடவுளின் குட்டிப் பசு. ஹீப்ருவில் மோசேயின் பசு. (ஏன் எல்லாரும் பசுவாகவே பார்க்கிறார்கள்?) துருக்கியில் அதிர்ஷ்டப் பூச்சி, ஜப்பானில் சூரியப் பூச்சி.

"தமிழில என்னம்மா பேர்?" என்று கேட்டேன்.

"புள்ளி வண்டு. கத்தரிக்குச் சத்துரு."

அம்மா சொன்னதும் பொய் இல்லை. யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில், பள்ளிக்கூடம் போக முதல் கத்தரி இலைகளில் இருந்து அவற்றைப் பொறுக்குவதுதான் அவருடைய வேலை. அந்த வண்டுக்கு 28 புள்ளிகள், மங்கிய செம்மஞ்சள் நிறம், முதுகில் மெல்லிய மயிர். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் மிச்சம் விடும். பல்கனியில் செத்தது அதன் சொந்தக்காரன். ஏழு புள்ளி, பளபளப்பான முதுகு. அது இலையைத் தின்னாது. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளை ஒரு நாளில் 50 வரை தின்னும். இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் வைத்தால் என்ன நடக்கும் என்று கணினி வேலை செய்யும் எனக்குத் தெரியாதா?

தேடிப் பார்த்தேன். வேளாண்மைப் புத்தகங்களில் நல்ல வண்டின் பெயர் பொறிவண்டு. பொறி என்றால் புள்ளி. பொறியியலில் மாஸ்டர்ஸ் முடித்தவள் நான், இதை 34 வயதில்தான் அறிந்தேன். பழைய தமிழில் பொறிக்கு நற்பேறு என்றும் பொருள் உண்டாம். மகளிடம் சொன்னேன். "அப்ப அதுவும் அதிர்ஷ்டப் பூச்சிதானே!" என்றாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் அசுவினி அப்பிக் கிடந்தது.

"பிள்ளை, உன்ரை வண்டு ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு வா."

மகள் பூங்காவில் இருந்து ஜாம் போத்தலில் இரண்டு கொண்டுவந்தாள். ஒன்று மூடியைத் திறந்ததும் பறந்துவிட்டது. மற்றது இலையில் ஏறியது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து எண்ணினார்.

"ஏழுதான்," என்றார். விரலை எடுத்துக்கொண்டார்.