உறுப்பும் முழுமையும்

தேர் என்பது யாது? சக்கரமா, அச்சா, நுகமா? மிலிந்தன் என்னும் யவன மன்னனிடம் நாகசேனர் என்னும் துறவி எழுப்பிய வினா இது. தனி உறுப்பு எதுவும் தேராகாது. உறுப்புகள் கூடியவிடத்தே தேர் என்னும் பெயர் பிறக்கிறது என்பது அவ்வுரையாடல் காட்டும் முடிவு. தேருக்குப் பொருந்திய இவ்விடை துப்பாக்கிக்கும் பொருந்துமா?

இரு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் ஏந்திய லீ என்ஃபீல்டு துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். அதன் உடற்பகுதியிலும், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டிலும் ஒரே எண் பொறிப்பது வழக்கம். எண்கள் ஒத்திருந்தால் சேகரிப்போர் அதனை உயர்வாக மதிப்பர். ஒன்றின் குழலையும் மற்றொன்றின் போல்ட்டையும் இணைத்து அமைத்தது பழம்பொருளா, புதுப்பொருளா என்பது அவர்தம் வழக்கு.

இவ்வழக்கிற்கு நாடுகள் தரும் விடை ஒன்றன்று. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1898இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கொள்கிறது. உடற்பகுதியையே துப்பாக்கி எனக் கருதுவதால், பிற உறுப்புகளை மாற்றினும் அதன் வயது மாறுவதில்லை. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ வயதோடு நில்லாது, செப்பனிட்டால் சுடுமா என்றும் வினவுகிறது. செப்பனிட்டாலும் சுடவியலாத பழைய ஆயுதத்திற்கே அது விலக்களிக்கிறது.

சிங்கப்பூரின் நிலை இவற்றினும் கடுமையானது. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம், துப்பாக்கியின் உறுப்பையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. நாகசேனரின் விடை இங்குத் தலைகீழாகிறது. இணைக்குமுன்னரே உறுப்பு முழுப்பெயரைப் பெற்றுவிடுகிறது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்போர்க்கு 5 முதல் 10 ஆண்டுச் சிறையும், 6க்குக் குறையாத பிரம்படியும் தண்டனை.

இக்கடுமைக்குக் காரணம் உண்டு. தேக்காவுக்கு அண்மையில், சுங்கை ரோட்டில் 2017 ஜூலை 10 வரை பழம்பொருள் சந்தை நடைபெற்றது. அங்கே பழைய கடிகாரமும் வானொலியும் விலைபோயின. பழைய உறுப்புகளால் உயிர்பெற்ற கடிகாரம் மணி காட்டும். அவ்வாறு உயிர்பெற்ற துப்பாக்கி உயிர் பறிக்கும். மக்கள் நெருங்கி வாழும் சிறு தீவில், சட்டம் பொருளின் ஆற்றலையே முதலில் நோக்குகிறது. 2021இல் நிறைவேறிய சட்டமோ, துப்பாக்கி செய்வதற்கான மின்னியல் வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதையும் குற்றமாக்கியது.

எனினும், சேகரிப்போரின் ஆர்வத்தை வெறும் ஆசையென ஒதுக்குதல் தகாது. 1943இல் இத்தீவில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களுக்குத் துருவேறிய ஒரு குழலும் பாட்டனாரின் கைபட்ட பொருளாகத் தோன்றக்கூடும். அத்தகைய பொருள் பெட்டியில் கிடைப்பின், மெருகேற்றவோ உறுப்புத் தேடவோ முற்படாமல், உடனே காவல்துறைக்கு அறிவிப்பதே முறை. பாட்டனாரின் பெயரையும் படைப்பிரிவையும் அறிந்த முதியோர் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவைத்தற்கு உரிமம் ஏதும் வேண்டுவதில்லை.