குதிரைக்குப் பயந்த கர்னல்

முதல் வருடம் வொர்க்‌ஷாப்பில் சூடான இரும்புச் சிப்ஸ் ஒன்று தெறித்து என் கண்ணுக்குக் கீழே பட்டது. புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பயம்தான் ஆறவில்லை. லேத் ஓடினால் இரண்டடி தள்ளியே நிற்பேன். "டேய், நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கலா?" என்று பேட்ச் நண்பர்கள் கிண்டலடிப்பார்கள். படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் நூலகத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய புத்தகத்தில், பெஞ்சமின் கிரியர்சன் கண்ணில் பட்டார்.

இல்லினாய் மாநிலத்துச் சங்கீத வாத்தியார். சின்ன வயதில் குதிரை முகத்தில் உதைத்து, சில காலம் பார்வையில்லாமல் கிடந்தவர். அதிலிருந்து குதிரை என்றாலே ஆகாது. அடிமை முறையைக் காப்பாற்றத் தென்மாநிலங்கள் பிரிந்துபோய் 1861-ல் போர் மூண்டபோது, வடக்கில் ஆயிரக்கணக்கானோர் தாங்களாகவே படையில் சேர்ந்தார்கள். காலாட்படைக்குப் போக நினைத்த இவருக்குக் கிடைத்ததோ 6-வது இல்லினாய் தொண்டர் குதிரைப்படை! நமக்கு பிராஞ்ச் கிடைத்த கதைதான்.

1862-ல் அவர் அதன் கர்னல். 1863 ஏப்ரல் 17-ல் மூன்று ரெஜிமென்ட், 1,700 பேருடன் டென்னசியின் லா கிரேஞ்சிலிருந்து கிளம்பினார். விக்ஸ்பர்க் கோட்டைக்குப் பொருள் போகும் ரயில்பாதையை அறுக்க வேண்டும். நடுவழியில் ஒரு ரெஜிமென்ட்டைத் திருப்பி அனுப்பினார். எதிரி ஏமாந்து அதைத் துரத்தினான். 24-ம் தேதி நியூட்டன் ஸ்டேஷனில் இரண்டு ரயில்களைப் பிடித்து, தண்டவாளத்தையும் தந்திக் கம்பியையும் நாசமாக்கினார்கள். திரும்ப வழியில்லை. தெற்கே ஓட்டினார்கள். 16 நாளில் சுமார் 600 மைல்! மே 2-ல் பேட்டன் ரூஜ் சேர்ந்தபோது சண்டையில் இறந்தவர்கள் மூன்றே பேர். ஜூலை 4-ல் விக்ஸ்பர்க் சரணடைந்தது.

எல்லாம் வீரக் கதையல்ல. 1865 நவம்பரில் கலைக்கப்படும்வரை அந்த ரெஜிமென்ட்டில் குண்டுக்குச் செத்தவர்களைவிட நோய்க்குச் செத்தவர்களே மிக அதிகம்.

இந்தப் படையெடுப்பை வைத்து 1959-ல் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. அதில் ஹீரோ ரயில்வே இன்ஜினியர். சங்கீத வாத்தியார் என்றால் ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ!

பயம் போகட்டும், பிறகு ஏறலாம் என்று கிரியர்சன் காத்திருக்கவில்லை. போன பிராக்டிகலில் நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேத் முன்னால் நின்றேன். கை நடுங்கியது. ஸ்டெப் டர்னிங்கில் ஒரு இடத்தில் அளவு குறைந்துபோனது, மார்க்கும் குறைந்தது. ஆனால் நண்பர்களே, இரண்டடி பின்னால் போகவில்லை.