உடலின் நினைவு

பாலசமுத்திரத்தில் நான் கற்பிக்கும் பிள்ளைகள் எவர் முகத்திலும் பெரியம்மைத் தழும்பு இல்லை. என் பாட்டியின் முகமெங்கும் அத்தழும்புகள் இருந்தன. அவருடைய தம்பி அந்நோயால் மாண்டார்.

நோயாளி இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் நீர்த்துளிகளாலும், அவர் உடுத்திய துணிகளாலும் பெரியம்மை பரவியது. வாயிலில் வேப்பிலை கண்டால் அயலார் உள்ளே நுழையார். அவ்வழக்கம் நோய் பரவுவதையும் ஓரளவு தடுத்தது.

பிழைத்தவருக்கு அந்நோய் மீண்டும் வருவது மிக அரிது. குருதியிலுள்ள வெள்ளணுக்கள் கிருமியை அழிக்க எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. அவ்வணுக்களுள் சில அப்பகையை நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கின்றன. நோயின்றியே அந்நினைவை ஊட்டுவது தடுப்பூசி. 1796இல் எட்வர்டு ஜென்னர் இதனைப் பசுவம்மையைக் கொண்டு மெய்ப்பித்தார். 1975க்குப் பின் இந்தியாவில் எவரையும் பெரியம்மை தீண்டவில்லை. 1980இல் அது உலகினின்றே ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மாணவர்களே, ஊசியின் வலி நொடிப்பொழுது; அது தரும் காப்போ பல்லாண்டு.