நானா

ராணுவ மருத்துவ வாரியத்தின் காகிதங்களில் அடிக்கடி வரும் சுருக்கெழுத்து ஒன்று உண்டு: என்.ஏ.என்.ஏ. 'நைதர் அட்ரிபியூட்டபிள் டு, நார் அக்ரவேட்டட் பை மிலிட்டரி சர்வீஸ்.' உனக்கு வந்த நோய் ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று பொருள். வழக்கு நடத்துகிறவர்கள் அதை ஒரே சொல்லாக்கி 'நானா' என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அது கேள்வி மாதிரி இருக்கும். அப்பா பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கேள்வியோடு இருந்தார்.

அவர் 1980இல் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். எங்கள் பக்கம் இது அதிசயமில்லை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊரிலும் தெருவுக்கு நாலு மிலிட்டரிக்காரர் இருப்பார்கள். சேரும்போது நடந்த உடல் பரிசோதனையில் அப்பாவுக்கு எந்தக் குறையும் எழுதப்படவில்லை. 24 வருடம் கழித்து, 2004இல் ஹவில்தாராக வெளியே வந்தபோது, 'உயர் ரத்த அழுத்தம், 30 சதவீத ஊனம், வாழ்நாள் முழுவதும்' என்று வாரியம் எழுதியது. பக்கத்திலேயே என்.ஏ.என்.ஏ. டிஸபிலிட்டி பென்ஷனுக்கு ஊனம் 20 சதவீதமாவது இருந்தால் மட்டும் போதாது, பணியோடு தொடர்பும் வேண்டும். தொடர்பில்லை என்று கோரிக்கையை நிராகரித்தார்கள். ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றது கடிதத்தின் கடைசி வரி.

அவர் செய்யவில்லை. "ஆபீசர் எழுதிட்டாரு, நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே இன்னாத்த கேக்குறது?" என்றார். அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. 24 வருடம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த ஒருவருக்கு, முத்திரை குத்திய காகிதத்தை எதிர்த்துக் கேட்கலாம் என்பதே நம்பமுடியாத விஷயம். மேல்முறையீடு என்ற கதவு திறந்தேதான் இருந்தது. ஆனால் அந்த வழியாகப் போவது ஒழுங்கீனம் என்றுதான் அவருக்குப் பழக்கியிருந்தார்கள்.

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது வருடம் பணியாற்றி, வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்ட சிப்பாய் அவர். ஊனம் 20 சதவீதம், காரணம் அதே என்.ஏ.என்.ஏ. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் வென்று, டிவிஷன் பெஞ்சில் தோற்று, உச்ச நீதிமன்றத்தில் மறுபடி வென்றார். தீர்ப்பு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1982ஆம் வருட விதிகளில் இருந்ததைத்தான் எடுத்துக் காட்டியது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், ஆள் ஆரோக்கியமாகச் சேர்ந்ததாகவே கொள்ளவேண்டும். பிறகு உடல் கெட்டால் அது பணியால்தான் என்று அனுமானிக்கவேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயின் தலையில் இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கு. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று மருத்துவர்கள் கருதினால் அதற்கான காரணத்தை எழுதவேண்டும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எதுவும் குறிப்பிடாதபோது எந்த மதிப்பு எடுத்துக்கொள்ளப்படும் என்பது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். விதியின் டீஃபால்ட் அப்பாவின் பக்கம் இருந்தது, நடைமுறையின் டீஃபால்ட் எதிர்ப்பக்கம்.

பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாங்கினோம். காரணம் எழுதவேண்டிய இடத்தில் ஒரே வரி: நோய் அமைதிப் பகுதியில் தொடங்கியது. டிஸ்சார்ஜ் புத்தகத்தை வைத்துக்கொண்டு அப்பாவின் போஸ்டிங்குகளைத் தேதிவாரியாக அட்டவணை போட்டேன். 2002இல் ஆபரேஷன் பராக்ரம் சமயத்தில் மாதக்கணக்கில் ராஜஸ்தான் எல்லை. அங்கிருந்து ஓர் அமைதிப் பகுதிக்கு மாற்றல். போன மூன்றாவது மாதம் ரத்த அழுத்தம் என்று பதிவு.

"பார்டர்ல கூடாரத்துல யாரு எனக்கு பி.பி. பாத்தாங்க? பாக்குற எடத்துக்கு வந்தப்புறம்தானே தெரியும்" என்றார் அப்பா. மனுவில் இருந்த எல்லா வாதங்களையும்விட அது சுருக்கமாக இருந்தது.

2014இல் போட்ட மேல்முறையீடு, காலம் கடந்தது என்று திரும்பி வந்தது. அடுத்த வருடம் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போனோம். 2007ஆம் வருடச் சட்டத்தால் வந்தது இந்தத் தீர்ப்பாயம். பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தை மன்னிக்க வழி உண்டு. ஆனால் பழைய பாக்கி, வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். இது 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது.

வாய்தாவுக்கு வக்கீல் போனால் போதும். அப்பா ஒன்றையும் விடமாட்டார். இஸ்திரி போட்ட சட்டையில் காட்பாடியில் ரயிலேறிவிடுவார். ஆறாவதோ ஏழாவதோ வாய்தாவுக்குப் பிறகு நானே, "போதும்ப்பா, பென்ஷன்தான் வருதே, எதுக்கு இந்த அலைச்சல்?" என்று கேட்டேன்.

"காசு வேணாம்னு சொல்லல. சர்வீசுக்கும் நோவுக்கும் சம்பந்தமில்லன்னா, பாக்கறவன் இன்னா நெனைப்பான்? கேன்டீன் ரம்மைக் குடிச்சு ஒடம்பக் கெடுத்துக்கினான்னுதானே? நான் பீடிகூடத் தொட்டதில்ல தம்பி."

பத்து வருடமாக அவர் வாயைத் திறக்காதது இதனால்தான். பணத்தைவிடப் பெரிதாக ஒன்றை அந்தக் காகிதம் அவரிடமிருந்து எடுத்திருந்தது. நோய்க்கு நீயே பொறுப்பு என்று சொல்லியிருந்தது.

2017இல் உத்தரவு வந்தது. ஊனம் பணியால் கூடியதே என்று ஏற்று, 30 சதவீதத்தை 50ஆக உயர்த்திக் கணக்கிடச் சொன்னார்கள். 50க்குக் கீழே இருப்பதை 50ஆக எடுத்துக்கொள்ளும் இந்தச் சலுகை முதலில் பணிக்காலம் முடியும் முன்பே வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் முடிவானது. உத்தரவுக்குப் பிறகும் பணம் வரவில்லை. அதை நிறைவேற்றக் கேட்டு இன்னொரு மனு போட்டோம். 2018இல் வந்தது. முதல் எட்டு வருடப் பணம் போனது போனதுதான்.

விடாமுயற்சி என்று இதைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளை, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம், வாய்தாவுக்கு அலைய உடம்பு எல்லாம் இருந்தால்தான் விடாமல் முயல முடியும். விதியிலேயே எழுதியிருக்கும் ஒன்றைப் பெற இவ்வளவு தேவைப்படுகிறது என்றால், இவை இல்லாதவர்கள் எத்தனை பேர் அந்த ஆறு மாதக் கெடுவோடு நின்றுபோயிருப்பார்கள்? எல்லாக் கோரிக்கையும் நியாயமானது என்று சொல்லவில்லை. மறுப்பதென்றால் காரணத்தை எழுதி மறுக்கட்டும் என்பதுதான் கேள்வி. 2023 செப்டம்பரில் விதிகள் மறுபடி மாற்றி எழுதப்பட்டன. இப்போது வெளியே வருகிறவர்கள் தங்களுக்கு எது பொருந்தும் என்று முதலிலிருந்து பார்க்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு பிளாஸ்டிக் கவரோடு யாராவது வருகிறார்கள். என் லேப்டாப் வரும்வரை அப்பா காத்திருப்பதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் சேர்ந்தபோது எடுத்த மெடிக்கலைத்தான் கேட்கிறார். அதைப் படித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டுட்டா என்னா, கேக்கலாம்" என்கிறார்.