டர்போவுக்கு முன் கியர்பாக்ஸ்

கவரைப்பேட்டையில் டர்போ என்றால் லாரிதான். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றிப்போகும் வண்டிகளின் டர்போக்களைப் பிரித்துப் பிரித்துத்தான் நான் தொழில் படித்தேன். அங்கே தேர்வு என்ற பேச்சே கிடையாது. ஷாஃப்டில் ஆட்டம் வந்தால் கோர் மாற்ற வேண்டும், ஆயில் கசிந்தால் காரணம் தேட வேண்டும். கார் கொண்டுவரும் பிள்ளைகள்தான் வேறு கேள்வியோடு வருகிறார்கள். "அண்ணே, இதுக்கு எந்த டர்போ போடலாம்?"

ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ-யை வைத்தே சொல்கிறேன். 180 பிஎஸ் திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க். ஐஎச்ஐ நிறுவனத்தின் ஐஎஸ்12 என்ற சிறிய டர்போ அதில் இருக்கிறது. 2017-இல் இங்கே வந்த 2 லிட்டர் ஆக்டேவியா ஆர்எஸ் 230-இல் அதற்கு அடுத்த அளவான ஐஎஸ்20. வெளிநாட்டு கோல்ஃப் ஆர் காரில் இன்னும் பெரிய ஐஎஸ்38. மூன்று எஞ்சினும் ஒரே குடும்பம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருப்பதால் டர்போ நேராக ஹெட்டில் வந்து உட்காரும். சில்லறை மாற்றங்களோடு பெரியதும் பொருந்திவிடும். பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஐஎஸ்38-க்குப் பணம் கட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "தம்பி, கியர்பாக்ஸ் எது?"

இந்தியாவில் அந்த 1.8-க்குப் பின்னால் இருப்பது டிக்யூ200 என்ற 7 ஸ்பீட் டிஎஸ்ஜி. உலர் கிளட்ச். அது தாங்கும் டார்க் 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தருவதும் அதே 250. மிச்சம் எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. ஆர்எஸ் 230-இல் டார்க் 350. அதனால் ஆயிலில் முழுகி ஓடும் வெட் கிளட்ச் கொண்ட டிக்யூ250-ஐக் கொடுத்தார்கள். டர்போவை மட்டும் மாற்றி, பூஸ்ட்டைக் கூட்டி, 2000 சுற்றிலேயே 350-ஐ உலர் கிளட்ச்சின் மேல் ஏற்றினால் அது வழுக்கித் தேயும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த கணக்கும் அதுதான். திறன் என்பது டார்க்கும் சுற்றும் சேர்ந்தது. ஐஎஸ்12 கீழே 1250 சுற்றிலேயே முழு டார்க் தரும். 5000-ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும். அதே 250 நியூட்டன் மீட்டரை 6000 சுற்று வரை விடாமல் பிடித்துவைத்தால் ஏறத்தாழ 213 பிஎஸ் வருகிறது. கிளட்ச்சுக்கு ஒரு நியூட்டன் மீட்டர்கூடக் கூடுதல் சுமை இல்லை. இழுவையைக் கூட்டாமல், அது நிற்கும் தூரத்தை நீட்டுகிறோம்.

அதற்கு எவ்வளவு காற்று வேண்டும்? 1.8 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிறைகிறது. 6000 சுற்றில் நிமிடத்துக்கு 5400 லிட்டர். 95 சதவீதம் நிறைவதாக வைத்தால் 5130. உள்ளே மொத்த அழுத்தம் 1.9 பார், இன்டர்கூலர் தாண்டிய காற்று 60 டிகிரி என்றால், ஒரு கன மீட்டர் சுமார் 2 கிலோ எடை. ஆக நிமிடத்துக்கு 10 கிலோ காற்று. டர்போவின் காற்றளவையும் அழுத்தத்தையும் காட்டும் வரைபடமான கம்ப்ரசர் மேப்பில் இந்தப் புள்ளியைக் குறிக்க வேண்டும். இடது பக்கக் கோடு சர்ஜ். அதைத் தாண்டினால் காற்று திரும்பி அடித்துச் சக்கரத்தையும் பேரிங்கையும் குலைக்கும். வலது ஓரம் சோக்; அங்கே சக்கரம் வேகமாகச் சுற்றும், காற்றைவிடச் சூடுதான் கூடும். நடுவில் தீவு தீவாக இருப்பது நல்ல இடம். 6000-இல் மட்டும் பார்க்காமல் 2000, 3000, 4000 என்று ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வரிசையை ஐஎஸ்20 வசதியாகத் தாங்குகிறது.

ஏன் கீழ்ச்சுற்று? செங்குன்றம் தாண்டி, காரனோடைப் பாலம், தச்சூர் கூட்டுச்சாலை என்று இங்கே வருகிறவரின் எஞ்சின் 100 கிலோமீட்டர் வேகத்தில் 2000 சுற்றை ஒட்டித்தான் ஓடும். லாரியை முந்த மிதித்தால் அந்த நொடியே பிக்கப் வேண்டும். ஐஎஸ்38-இன் பெரிய டர்பைன் 3000-ஐத் தாண்டித்தான் முழு அழுத்தம் தரும். அதற்குள் முந்தும் இடைவெளி மூடிவிடும்.

எங்கள் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 15 டிகிரிக் காற்றைவிட 42 டிகிரி கத்திரிக் காற்று எட்டு சதவீதத்துக்கு மேல் லேசானது. அதே எடைக் காற்றுக்கு டர்போ கூடுதலாக உழைக்கும், சூடு ஏறும், நாக்கிங் வரும். அதனால் பெரிய இன்டர்கூலருக்குப் பணம் ஒதுக்காதவருக்கு நான் டர்போ மாற்றுவதில்லை. ட்யூனும் வழக்கமாகக் கிடைக்கும் பெட்ரோலுக்குத்தான். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100-ஐ ஊற்றி ட்யூன் செய்துவிட்டு அடுத்த வாரம் சாதா பெட்ரோல் போடுவது எஞ்சினுக்குச் செய்யும் துரோகம். சிப்காட் பக்கம் இரும்புத் தூசி வேறு. பானட்டுக்குள் திறந்து நிற்கும் கூம்பு ஃபில்டர் இந்தச் சாலைக்கு ஆகாது. மூடிய பெட்டி ஃபில்டரே போதும். ஆயில் திரும்பும் குழாய் மடிப்பில்லாமல் கீழ்நோக்கி இறங்க வேண்டும். புது டர்போ புகைவிட்டால் சீலைத் திட்டுவதற்கு முன் நான் பார்ப்பது அந்தக் குழாயைத்தான்.

பானட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிடும் இன்னொன்றும் உண்டு. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கேள்வியும் பின்னாலேயே வரும். இதைக் கேட்டுவிட்டு, பழைய டர்போவையே சுத்தமாகச் சரிபார்த்துக்கொண்டு போகிறவர்களை நான் மதிக்கிறேன். வேகம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் பக்கத்துச் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதையே இருக்கிறது. கூட்டிய திறனை அங்கே கொண்டுபோங்கள்.

டிக்யூ200 பூட்டிய 1.8 காரைப் பாதைக்குத் தயார் செய்யச் சொன்னால் என் பதில் ஐஎஸ்20, 250 நியூட்டன் மீட்டரில் கட்டிய ட்யூன், பெரிய இன்டர்கூலர். அந்த கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு ஐஎஸ்38 கேட்டால், டர்போவைக் கையோடு கொண்டுவந்திருந்தாலும் நான் பூட்டித் தரமாட்டேன்.