பெட்டி திறக்கும் முன்

ஜூன் மாதக் காலை, ஐந்தரை மணி. மாசசூசெட்ஸில், கேப் காட் விரிகுடாவின் தென்கரை ஊர் புரூஸ்டர். கடல் உள்வாங்கிப் போயிருக்கிறது. கரையிலிருந்து ஒரு மைலுக்கு வெறும் மணல். நடுநடுவே முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால்கள். நடந்தே வந்து ஒரு மணல் திட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இருபதடி தள்ளி ஒரு பெரியவர் நிற்கிறார்.

எழுபதைத் தாண்டியிருப்பார். மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை, கக்கத்தில் ஒன்பதடித் தூண்டில் கம்பு, நெஞ்சுப் பையில் ஃபிளை பெட்டி. வந்து கால்மணி நேரம் ஆகிறது. பெட்டியை இன்னும் தொடவில்லை.

ஃபிளை என்றால் ஈ. நன்னீர் டிரௌட் மீனுக்காகப் பூச்சி போலக் கட்டிய காலத்துப் பெயர். கடலுக்கு வந்தபின் உரு மாறியது, பெயர் ஒட்டிக்கொண்டது. முள்ளின் மேல் மான்வால் முடியையும் சேவல் இறகையும் நூலால் சுற்றிக் கட்டிய பொய்மீன் இது. இரையின் வாசம் கிடையாது, உயிர்த் துடிப்பு கிடையாது. மீனின் கண்ணை மட்டும் நம்பித் தண்ணீரில் இறங்குகிறது.

அவர் வானத்தைப் பார்க்கிறார். தூரத்து வாய்க்காலின் மேல் ஆலாக்கள் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பொத்தென்று தலைகுப்புற விழுகின்றன. எழும்பும் ஒன்றின் அலகில் வெள்ளி நூல் போல என்னவோ நெளிகிறது. அவர் நீர் விளிம்புக்குப் போய்க் குதிகாலால் ஈர மணலைத் திருகுகிறார். ஒரு திருகு, இரண்டு திருகு. மூன்றாவதில் மணலுக்குள்ளிருந்து துள்ளி விழுகிறது ஒரு சேண்ட் ஈல்.

உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொள்கிறார். நானும் எழுந்து அருகில் போய்ப் பார்க்கிறேன். விரல் நீளம், பென்சிலைவிட ஒல்லி. முதுகு ஆலிவ் பச்சை, வயிறு வெள்ளி, முகம் கூர். பெயரில்தான் விலாங்கு, இனம் வேறு. தண்ணீரில் விட்டதும் மூக்கை மணலில் குத்தி, கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போகிறது.

இப்போதுதான் பெட்டியைத் திறக்கிறார்.

ஒரு பக்கம் முழுக்க வெள்ளை டிசீவர்கள். 1950-களின் பிற்பகுதியில் செசபீக் விரிகுடாவில், இன்று அவர் தேடி வந்திருக்கும் இதே ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்காக லெஃப்டி கிரே உருவாக்கியது. 1991-ல் அமெரிக்கத் தபால்தலையிலும் இடம்பெற்றது. மென்ஹேடன் போன்ற அகன்ற உடம்பு மீன்கள் திரியும் இடத்தில் அதற்கு ஈடில்லை. இன்று அவர் விரல் அங்கே நிற்கவில்லை. அடுத்த பக்கம் கிளவுசர்கள். பென்சில்வேனியாக்காரர் பாப் கிளவுசர் 1980-களில் ஆற்றுமீனுக்காகக் கட்டியது, கடலிலும் ஜெயித்தது. தலையில் தராசுக் குண்டு போல இரண்டு ஈயக் கண்கள். அந்த எடையில் முள் புரண்டு கூர் மேலே பார்ப்பதால் மணலில் உரசினாலும் மாட்டாது. இழுத்தால் ஏறும், இழுப்பை விட்டால் தலை கவிழ்ந்து இறங்கும். மணலுக்குள் ஒளியப் பாயும் அந்தச் சின்ன மீனின் சாடை அப்படியே வந்துவிடும்.

எலுமிச்சைப் பச்சையைத் தாண்டி, ஆலிவும் வெள்ளையும் கலந்த ஒன்றை எடுக்கிறார். தண்ணீரில் முக்குகிறார். உலர்ந்திருந்தபோது துடைப்பம் போல் விரிந்திருந்த முடி, நனைந்ததும் ஒட்டி ஒல்லியாகிறது. அந்த உருவைத்தான் பார்க்க நினைத்திருக்கிறார். முள்ளின் உட்புறப் பிசிறைக் குறட்டால் அழுத்தி மழுக்குகிறார், கழற்றும்போது மீன் வாய் கிழியக் கூடாது என்று. நரம்பில் முடிச்சு; எச்சில் தடவி இறுக்கு; நுனி வெட்டு. நான் கம்பின் பின்வீச்சு வராத பக்கமாக நகர்ந்துகொள்கிறேன்.

நீர் ஏறத் தொடங்கிவிட்டது, வெயிலும். வாய்க்காலின் வெளிர் மணல்மேல் ஒரு பச்சை நிழல் வருகிறது. விலாவில் ஏழெட்டுக் கறுப்பு வரிகள். அவர் அதற்கு முன்னே, பல அடி தள்ளிப் போடுகிறார். இழுப்பு, நிறுத்தம், இழுப்பு. மீன் திரும்பிப் பின்தொடர்கிறது, மூக்கு முட்டும் தூரம் வரை. பிறகு விலகிப் போய்விடுகிறது. அடுத்ததும் அப்படியே.

ஃபிளையைக் கையில் வாங்கி வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். முடிக்குள் கோத்திருந்த ஜிகினா இழைகள் பளீரென்று அடிக்கின்றன. விடியல் மங்கலுக்கு அது வேண்டும். இந்த வெளிச்சத்துக்கு அதிகம். ஒவ்வொன்றாக உருவி, தண்ணீரில் போடாமல் பைக்குள் போட்டுக்கொள்கிறார். இரண்டு இழை மிச்சம். அப்புறம் கத்தரிக்கோலால் முடியையும் கழிக்கிறார். எஞ்சியது ஒரு கீற்று. அரைமணி நேரமாக அவரைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தக் கழித்தலில்தான் அவருடைய அனுபவம் முழுவதும் தெரிந்தது.

மூன்றாவது மீன் யோசிக்கவில்லை. கம்பு வளைகிறது, சுருள் கிறீச்சிடுகிறது. பத்து நிமிடம் கழித்துக் கம்பில் வரைந்த கோட்டோடு வைத்து அளக்கிறார்: 33 அங்குலம். 28-க்குக் குறையாமல், 31-ஐ எட்டாமல் இருந்தால் நாளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் கடலுக்கு. 1980-களில் இந்த இனம் அருகிப்போய், 1985 முதல் ஐந்தாண்டு மேரிலாந்தில் பிடிக்கவே தடை இருந்தது. இப்போதும் சில ஆண்டுகளாகச் செசபீக்கில் குஞ்சுகள் குறைவு. முட்டையிடும் பருவத்து மீன் ஒவ்வொன்றும் பொக்கிஷம். அவர் அதன் வாலடியைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிரே காட்டி, பொறுமையாக நிற்கிறார். செவுள் மூன்று தரம் விரிகிறது. வால் உதறுகிறது. கை காலியாகிறது.

எங்களுக்குப் பின்னாலிருந்த வாய்க்கால் தொடைவரை ஏறிவிட்டது. இனி நிற்கக் கூடாது. கரையை நோக்கி அவர் முன்னே, நான் பின்னே. அடுத்த வாய்க்காலின் ஓரத்தில் நிற்கிறார். பெட்டி பைக்குள்ளேயே இருக்கிறது. குதிகாலால் மணலைத் திருகுகிறார்.