"கொஞ்சம்" என்றால் எவ்வளவு?



'நொட் பேட்' என்றால் என்ன என்று கேட்டால் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் உடனே "மோசமில்லை" என்பார்கள். சரிதான். ஆனால் யார், எந்தத் தொனியில் சொல்கிறார் என்றும் பார்க்க வேண்டும். கட்டுரையை வாசித்த ஓர் ஆங்கிலேயர் "நொட் பேட் அட் ஓல்" என்றால் அது நல்ல பாராட்டு. வெறும் "நொட் பேட்" என்று இழுத்தால், இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்று பொருள். பெரிய விடயத்தைச் சிறிதாக்கிச் சொல்வது அவர்களது பழக்கம்.

இந்தப் பழக்கம் சில நேரம் உயிரோடு விளையாடும். 1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரித்தானியரின் குளொஸ்டர் படையணியைச் சீனப் படை சுற்றி வளைத்தது. நிலைமை எப்படி என்று அமெரிக்க ஜெனரல் கேட்டபோது, பிரித்தானிய பிரிகேடியர் பிரோடி "கொஞ்சம் ஸ்டிக்கி" என்றாராம். ஓர் ஆங்கிலேயருக்கு அது "பெரும் ஆபத்து". அமெரிக்கர் விளங்கிக்கொண்டதோ, "கஷ்டம்தான், ஆனால் சமாளிக்கிறார்கள்". பின்வாங்கும் உத்தரவு கிடைத்தபோது நேரம் கடந்திருந்தது. 500க்கும் மேற்பட்டோர் கைதிகளானார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இந்த ஒரு வார்த்தையை இன்றுவரை பேசுகிறார்கள்.

சிரிக்க வேண்டாம். நம் உம்மாமாரும் இதே பேச்சுத்தான். இரவு முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, காலையில் "கொஞ்சம் ஏலாம இருக்கு மன, பெரிசா ஒண்டுமில்ல" என்பார்கள். அந்தக் குரலின் பாரம் வீட்டில் உள்ளவர்களுக்கு விளங்கும். ஆஸ்பத்திரியில் கூடப்போன பிள்ளை அதைச் சிங்களத்தில் "டிகக் அமாருயி" என்று மாற்றிச் சொன்னால், டாக்டருக்குப் போய்ச் சேருவது அந்தக் "கொஞ்சம்" மட்டும்தான்.

ஆகவே மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வார்த்தையை அல்ல, நடந்ததைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது? எந்த இடத்தில் வலி? வியர்த்ததா? தூங்க முடிந்ததா? நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குதா? இவற்றுக்கு எந்த மொழியிலும் இரண்டு அர்த்தம் இல்லை.

பொறுமையாகப் பேசுவது நல்ல குணம். ஆனால் டாக்டர் முன்னால் உள்ளதை உள்ளபடி சொல்வதும் நம்மீது கடமைதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடும் வருத்தத்தை எந்த வார்த்தையால் சிறிதாக்குவார்கள்? கீழே எழுதுங்கள். பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.